ஐந்தாவது பெயர்

ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அந்த டைரக்டரின் படத்துக்குப் பதினோரு நாள் அரண்மனை செட் போட்ட கூலி. மூன்று வருடமாகத் தரவில்லை. கேட்கப் போனபோது, "நீ யாருப்பா?" என்றார். இன்று அவர் பெயரை நானே பலகையில் எழுதியிருக்கிறேன். விருது விழா நாளைக்கு. பரிந்துரைப் பட்டியல் மதியம்தான் வரும் என்பதால், வரக்கூடிய பெயர்களை மேஸ்திரி ஊகித்துச் சொல்லி, நாற்காலிகளில் மாட்டும் பெயர்ப் பலகைகளைக் காலையிலேயே எழுத வைத்துவிட்டார். தகரக் கொட்டகைச் சூட்டில் பெயிண்ட் காய்ந்து மினுங்குகிறது. ரேடியோவில் ஒரு பெண் சிறந்த இயக்குநர் பட்டியலை வாசிக்கிறாள். நான்கு பெயர் ஆகிவிட்டது, அவர் பெயர் இன்னும் வரவில்லை. ஐந்தாவது, கடைசிப் பெயருக்கு முன் மூச்சு வாங்குகிறாள். நான் ரேடியோ பக்கம் திரும்புகிறேன். அவர் இல்லை, வேறு யாரோ. "அடச்சே, கண்ண மூடிக்கிட்டு வருவாருன்னு சொன்னேனே!" என்று மேஸ்திரி தலையில் கை வைக்கிறார். "சரி, தின்னர் ஊத்தித் துடைச்சிரு, ரெண்டு நிமிஷ வேலை." "வேணாம் மேஸ்திரி. உப்புத்தாள் குடுங்க." "யோவ், ஒரு மணி நேரம் ஆகும்யா." "ஆகட்டும்." பலகையை மடியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் தேய்க்கிறேன். கறுப்புப் பொடி வேட்டியிலெல்லாம் உதிர்கிறது. கடைசி எழுத்தும் போனதும் வாயால் ஊதுகிறேன். இனி அவர் எனக்கு ஒன்றும் தர வேண்டாம்.