இருபது கிலோ

அவள் வலது காலை ஊன்றினாள்.

சத்தம் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அப்போதும் இல்லை.

ஷூவுக்குள் பாரத்தை அளக்கும் ஒரு மெல்லிய சென்சார் அட்டை. இருபது கிலோவுக்கு மேல் பாரம் விழுந்தால் கைப்பேசி கத்தும். முதல் வாரம் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. நான்கு நாளாக அது மூச்சே விடவில்லை.

அளவாக ஊன்றப் பழகிவிட்டோம் என்று நினைத்திருந்தாள்.

எலும்பு முறிந்த கணுக்காலில் தகடும் எட்டு ஸ்க்ரூவும். பாரம் கூடினால் மற்றவர்களுக்கு வலியே சொல்லிவிடும். அவள் பாதம் சர்க்கரையால் மரத்துப்போய் ஆறு வருடம். அதனால்தான் டாக்டர் அட்டையைக் கொடுத்தார். தகடு உடைந்தால் இன்னொன்றை அந்த எலும்பு தாங்காது என்றும் சொல்லியிருந்தார்.

ரேஷன் கடையில் பத்தொன்பது வருடம் எடை போட்டவள். சந்தேகம் வந்துவிட்டது.

கட்டிலுக்கடியில் கிடந்த எடை மெஷினை எடுக்கச் சொன்னாள். கணவர் தனபாலன் எடுத்து வைத்தார். முதலில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தாள்.

முள் பத்தில் நின்றது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நேற்று நடந்த மாதிரியே மெஷின் மேல் காலை வைத்தாள்.

முள் இருபதைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. நாற்பதில் நின்றது.

கைப்பேசி காட்டியதோ பன்னிரண்டு கிலோ.

வெடுக்கென்று காலைத் தூக்கினாள்.

"வலிக்குதா?" என்றார் தனபாலன்.

வலிக்கவில்லை. கைப்பேசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வியர்வை இறங்கினாலோ அட்டை மடங்கினாலோ எடையைக் குறைத்துக் காட்டும் என்றார்கள். உடனே கூட்டி வரச் சொன்னார்கள்.

ஆட்டோவில் அவள் அந்த நான்கு நாட்களையும் நினைத்துப் பார்த்தாள். வாசல் வரை போய்ப் பால் வாங்கியது. நின்றுகொண்டே தோசை சுட்டது. மொட்டை மாடிக்கு ஒருமுறை.

எக்ஸ்ரே எடுத்தவர் கலகலப்பானவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போன பிறகும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

திரையில் படம் வந்தது.

பேச்சு நின்றது.

அவள் கையை ஊன்றி எழுந்தாள். காலைக் கீழே விடப் போனாள்.

"எறங்காதீங்கக்கா. அப்படியே படுத்திருங்க."

கதவு திறந்தது. வெளியே பெஞ்சிலிருந்து தனபாலன் எழுந்தார்.

எக்ஸ்ரேக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, டாக்டர் அறைப் பக்கம் ஓடாத குறையாக நடந்தார்.