கமிட்டி வந்த நாள்

“இருமாதீகடி, சத்தம் வெளிய கேக்கும்” என்றாள் முத்துமாரியம்மாள். அந்தக் கக்கூசுக்குள் மூச்சு விடவே யாருக்கும் மனசு வரவில்லை, இதில் இருமல் வேறா. தண்ணீர் நின்று மாசக்கணக்காயிற்று. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏழு பொம்பளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து நின்றார்கள்.

எம். புதுப்பட்டி தாண்டி முள்ளுக்காட்டுக்குள் இருக்கிற பட்டாசுக் கம்பெனி அது. ஒரு அறைக்கு நாலு பேர் என்பது சட்டம், உட்காருவது எட்டுப் பேர். யாராவது பார்வையிட வந்தால் மிச்ச ஆட்களைக் கக்கூசில் அடைத்து வெளியே கொண்டி போடுவான் போர்மேன் ஆண்டிச்சாமி. வருகிறவர்கள் எதைத் திறந்தாலும் இதை மட்டும் திறப்பதில்லை.

இன்றைக்கு வந்தது ஆபீசர்கள் இல்லை. “மெட்ராசுலருந்து மனித உரிமைக் கமிட்டி வருது. ஆடி மாசத்து விபத்த விசாரிக்காகளாம். எவளாச்சும் வாயத் தொறந்தீக, அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினான்.

அந்த ஆடியில் கருகிப்போனவள், இந்த ஏழு பேரில் ஒருத்தியான தங்கத்தாயின் தங்கச்சி பத்திரகாளி. அவள் எங்கள் ஆளே இல்லை, யாரையோ பார்க்க வந்தவள் என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. பத்திரகாளி இருந்த அறையின் பின்கதவை மறித்துப் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கியிருந்ததைத் தங்கத்தாய் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதை ஒரு மனுஷர் காதில் போடாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜன்னல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள். காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள், மூன்று பேர் கழுத்திலும் அட்டை தொங்கியது. முன்னால் வந்தது கதர்ச் சேலை கட்டிய ஒரு அம்மா.

போன மாசம் வந்த ஆபீசர் பூட்சுக் காலோடு, காதில் போனோடு உள்ளே நுழைந்தார். “சார் பூட்சு, சார் போனு” என்று ஆண்டிச்சாமி கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினான். இந்த அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. செருப்பைக் கேட்டிலேயே கழற்றினார், போனை வாட்ச்மேன் மேஜையில் வைத்தார். அறை வாசலில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை ஒருதரம் அழுத்தி எடுத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைத்தார். உடம்புக் கரண்ட் வெடிமருந்தில் பாய்ந்துவிடக் கூடாதென்று இங்கே எல்லாரும் செய்வதுதான் அது.

“பாத்தீகளா மதினி, எம்புட்டு மருவாதி!” என்றாள் தங்கத்தாய்.

“மருவாதி கெடக்கட்டும். ஆபீசு ரூமுல பிரியாணி காத்திருக்கும். தின்னு ஏப்பம் விட்டுட்டுப் போவாக, நாம இங்கன நாறிக்கிட்டுக் கெடப்போம்” என்றாள் முத்துமாரியம்மாள்.

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கொண்டி விலகியது. கதவைத் திறந்து நின்றது அந்தக் கதர்ச் சேலை அம்மாதான்.

“கடவுளே! மனுஷங்களை இப்படியா அடைச்சு வைப்பாங்க?” குரல் தழுதழுத்தது. “பயப்படாதீங்கம்மா. போர்மேனை ஆபீசுக்கு அனுப்பிட்டேன். உங்க பேர் வெளியே வராது. பேசுறது உங்க உரிமை.”

உரிமை என்ற சொல்லைத் தங்கத்தாய் மேடையில்தான் கேட்டிருக்கிறாள். முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் இவர். அவளுக்கு அழுகை முட்டியது. தங்கச்சி அந்த அறையில் வேலை பார்த்தது, பின்கதவை மறித்த பெட்டிகள், தப்பிக்க வழியில்லாமல் அவள் கத்தியது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். மருந்து அப்பியிருந்த அவள் கையை அந்த அம்மா கடைசி வரைக்கும் விடவில்லை.

“ஒரு சாட்சி போதாதேம்மா. வேற யாராவது பார்த்தீங்களா?”

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பார்க்கிற மாதிரியா இருந்தது அந்தத் தரை.

“நானுந்தான் பாத்தேன்” என்றாள் முத்துமாரியம்மாள். “பெட்டிய எடுக்கச் சொல்லி நான் சண்ட போட்டேன்மா. லோடு ஏறுற வரைக்கும் கெடக்கட்டும்னான் அந்த ஆண்டிச்சாமி.”

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

“இருக்கன்குடி ஆத்தாளே கதரக் கட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு மதினி” என்றாள் தங்கத்தாய். மத்தியானம் கொண்டுவந்த கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

சாயங்காலம் வேன் ஏறப்போன தங்கத்தாய், முத்துமாரியம்மாள் இரண்டு பேரையும் ஆண்டிச்சாமி ஆபீசு ரூமுக்குக் கூப்பிட்டான்.

கதர்ச் சேலை அம்மா முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டெட்டால் வாடை ரூமைத் தூக்கியது. தங்கத்தாயைப் பிடித்திருந்த கையைத் துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்து அட்டை டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது.

“அம்மா யாருன்னு தெரியுமாட்டி? மொதலாளி மருமக. சாத்தூருக் கம்பெனிய இவுகதான் பாக்காக” என்று பல்லைக் காட்டினான் ஆண்டிச்சாமி.

அந்த அம்மா ஒரு வாய் டீ குடித்தார். காலையில் பேசிய மெட்ராஸ் பேச்சு இப்போது இல்லை.

“நீக ரெண்டு பேரும் இனிமே வராதீக. நெசமான கமிட்டி நாளைக்குத்தான் வருது.”