பரிமளத்தின் பயம்

"இருக்கிறதுலயே நல்ல பிரேக்காப் போட்டுரு முத்துலிங்கம். எனக்காக இல்ல, இவளுக்காக. கார்ல ஏறுனாப் போதும், நடுங்குறா!"

ஜவுளிக்கடை முதலாளி சுந்தரலிங்கம் இப்படிச் சொன்னதும் கராஜே சிரித்தது. அவருடைய சிவப்புப் பந்தயக் கார் முத்துலிங்கத்தின் கராஜுக்கு வந்தால் ஹட்டன் கடைவீதியில் பாதி அங்கே கூடிவிடும். 1936-இல் இலங்கையின் அந்த மலைப்பக்கம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரை விட்டால் அப்படிக் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதையும் அவரே வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

அவர் மனைவி பரிமளம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"தலவாக்கலையில எடுத்தேன், பன்னெண்டு மைல் மலை ரோடு, இருபதே நிமிசம், ஹட்டன்!" என்றார் முதலாளி. "ஷாக் அப்சார்பரையும் மாத்திரு. பந்தயத்துக்குப் போடுவாங்களே கல்லு மாதிரி, அது வேணும். என் வேகத்துக்கு இது தாங்காது."

முத்துலிங்கம் சக்கரங்களைக் கழற்றினான். பிரேக் லைனிங் கருகித் தேய்ந்து தகடாகியிருந்தது. ஷாக் அப்சார்பரோ வாங்கின நாள் பெயிண்ட்கூட உரியாமல் இருந்தது. மேடு பள்ளத்தில் பறக்கிற காரில் முதலில் அடிவாங்குவது அதுதானே? அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன முதலாளி, பிரேக்குல வச்ச கால எடுக்கவே இல்ல போலயே?"

முதலாளி தொண்டையைச் செருமினார். பரிமளம் முந்திக்கொண்டாள்.

"என்னாலதாண்ணே. 'மெதுவா, மெதுவா'ன்னு வழி பூராக் கத்துவேன். அவுங்க என்ன செய்வாங்க, பாவம்?"

மறுபடி சிரிப்பு. இப்படி ஒரு பெண்டாட்டியை வைத்துக்கொண்டு பந்தயக் கார் ஓட்டுகிறாரே என்று முத்துலிங்கத்துக்கு முதலாளி மேல் இரக்கமே வந்துவிட்டது.

புது லைனிங்கைப் போட்டு முடித்தான். "ஷாக்க உங்க ஓட்டத்தப் பாத்துத்தான் முதலாளி முடிவு பண்ணணும். அம்மா இங்க இருக்கட்டும். வட்டவளை எறக்கத்துல ஒரு ஓட்டு ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

"போங்க முதலாளி, யாருன்னு காட்டுங்க!" என்று கூட்டம் குரல் கொடுத்தது.

அந்த மலைக் குளிரிலும் முதலாளியின் நெற்றி வியர்த்தது.

"ஐயோ, வேணாம்!" என்று அலறினாள் பரிமளம். "புது பிரேக் இருக்குன்னு இன்னும் வேகமாப் போவாங்க. எனக்கு இப்பவே மயக்கம் வருது. அந்தக் கல்லு ஷாக்கும் வேணாண்ணே, இருக்கிறதே இருக்கட்டும்."

"பாத்தீங்களா? இவள வச்சிக்கிட்டு நான் என்னதான் பண்றது?" முதலாளி கையை விரித்தார். அடுத்த நிமிடமே டீ வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டத்தை எதிர்க்கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

முத்துலிங்கம் எரிச்சலோடு இருக்கைகளைத் துடைத்தான். பரிமளம் உட்கார்ந்து வந்த பக்கம் வாழையிலையில் ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்துப் பார்த்தான். செவ்வந்திச் சரம். ஒரு பூகூடப் பிசகாமல், நெருக்கமாகக் கட்டியிருந்தது.

"இத எப்பம்மா கட்டுனீங்க?"

பரிமளம் எதிர்க்கடையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கார்லதான். யார்கிட்டயும் சொல்லிறாதீங்கண்ணே. தலவாக்கலையில உதிரிப்பூவாத்தான் மடியில போட்டுக்கிட்டு ஏறினேன். அவுங்க ஓட்டுன வேகத்துக்கு, ஹட்டன் வர்றதுக்குள்ள ஆறு முழம் ஆயிருச்சு!"