ஓட்டை போட்ட நாற்காலி

ஊன்றுகோல் சரிந்து விழுந்த சத்தத்தில் நாராயணசாமிக்கு உயிரே போய்விட்டது.

அது கக்கூஸ் கதவுக்கும் சுவருக்கும் நடுவே குறுக்காகச் சிக்கிக்கொண்டது. உள்பக்கம் திறக்கும் கதவு. ஊன்றுகோலை எடுக்காமல் அசையாது. எடுக்கக் குனிய வேண்டும். சர்க்கரை நோய் அவருக்கு மிச்சம் வைத்தது இடது கால் ஒன்றைத்தான்.

நீலசந்திரா ஏரியாவின் அந்த லைன் வீடுகளில் ஆறு குடும்பத்துக்கும் இந்த ஒரே கக்கூஸ். குந்தி உட்காரும் பழைய பீங்கான். ஒற்றைக் காலில் எப்படிக் குந்துவது? மகள் விஜிதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, பீங்கானுக்கு மேலே போட்டுக் கொடுத்தாள்.

அதற்கே எத்தனை பேச்சு! தினமும் நாற்காலியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் நாங்கள் போக வேண்டுமா என்று வீட்டு ஓனரிடம் முதலில் போனவன் பங்க்சர் கடை நாகேஷ்.

ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் நாற்காலி படிக்கட்டுக்கு அடியில் போய்விட வேண்டும். இன்னொரு புகார் வந்தால் தெருவில்தான் கிடக்கும்.

அது போனால், அறைக்குள்ளேயே பெட்பேன். எடுத்துக் கொட்டப்போவது விஜி.



கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"இன்னாண்ணா, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா? மூணு பேரு லைன்ல நிக்கிறோம்!"

நாகேஷேதான்.

"தோ, ஆச்சுப்பா..."

விழுந்தால் கதவை உடைப்பார்கள். லுங்கி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அப்புறம் தனியாகப் புகார் எதற்கு?

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். நாற்காலி வழுக்கப்போகிறது என்று உடம்பெல்லாம் காத்திருந்தது. அந்த ஈரத் தரையில் அது வழுக்காத நாளே இல்லை.

வழுக்கவில்லை.

தலை கீழே போனபோதுதான் பார்த்தார். நாற்காலியின் நாலு கால்களிலும் சைக்கிள் டியூப் துண்டு, இறுக்கிச் சுற்றி ஒட்டியிருந்தது. நேற்று இல்லையே! விஜி வேலைக்குப் போகும் முன் ஒட்டியிருப்பாள். சொல்லவே இல்லை பார்.

விரல் நுனி ஊன்றுகோலைத் தொட்டது.

வியர்த்து ஊற்ற, ஒரு கையால் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

நாகேஷ் நாற்காலியின் முதுகைப் பிடித்து நிறுத்தினான்.

போச்சு.

"இத எங்க இஸ்துகினு போற? உள்ளயே வுடுண்ணா. ரூபினிக்கு ஏழாம் மாசம், குந்த முடியல. பத்து நாளா உனக்குத் தெரியாம தூக்கினு வந்து தூக்கினு போறதே எனக்கு வேலையாப் போச்சு."

அவன் பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவன் மனைவி ரூபினி நின்றாள். அவளுக்கும் பின்னால் முட்டிவலிக்கார ஜானகி. அவள் மட்டும், தானும் பிடிபட்டவள் போல, சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாகேஷ் நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தான். நாலு காலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். அவன் விரல் நுனிகளில் பங்க்சர் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.