கெடு முடியக் காத்திருந்தவர்

அது எட்டாவது கடிதமா ஒன்பதாவதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என் நினைவை அவ்வளவு நம்புவதற்கில்லை. சோபாப் பட்டறைக்காரர் அதையும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைபேசியில் படித்தார். படித்ததும் அழித்தார்.

வெளியே மனைவி இரண்டு முறை இருமினாள். "யாரு அவ?" என்று மட்டும் கேட்டாள். அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் விஷயம் அடுத்த நிமிடம் அவள் தம்பி காதுக்குப் போய்விடும்.

கடிதம் பட்டறையின் இணைய முகவரியைப் பற்றியது; கெடுவுக்குள் பணம் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொன்னது. பழைய சோபாவுக்குப் புதுத் துணி போட வேண்டியவர்கள் அந்தப் பெயரைத் தட்டித்தான் வந்து சேர்ந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன், பட்டறையில் கூடவே வேலை செய்யும் அந்த மைத்துனன்தான் கணினிமுன் உட்கார்ந்து அதைப் பதிவு செய்தான். அவன் செய்த பதிவு அவன் பேரில்தானே இருக்கும்? கேட்டுப் பார்க்க இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இப்போது அந்த மைத்துனன் தெருக்கோடியில் ஒரு காலிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகக் காதில் விழுந்தது. பிரிந்து போகிறவன் பெயரையும் தூக்கிக்கொண்டு போனால் இருபது வருட உழைப்பு அம்போ. ஆகவே இவர் ஒரு திட்டம் போட்டார். கெடு முடியட்டும், பெயர் அவன் கையிலிருந்து நழுவட்டும், கீழே நின்று தான் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாக் கடிதங்களும் 'அன்புள்ள உரிமையாளருக்கு' என்றுதான் தொடங்கின. அவர் சிரித்துக்கொண்டார். சில்லறை கேட்கிறவன்கூட எதிரில் வருகிறவனை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறான். போயும் போயும் பதிவில் இவருடைய மின்னஞ்சலைக் கொடுத்து வைத்த மைத்துனனின் அசட்டுத்தனத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

பெயரைப் பிடித்து வைக்க நல்ல பதிவு நிறுவனமாக இரண்டு வாரம் தேடினார். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு மறுவருடம் கழுத்தை அறுக்கிறவனைக் கழித்தார். வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள விடாதவனையும், கூப்பிட்டால் மனிதக் குரல் கேட்காதவனையும் கழித்தார். கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை. மிஞ்சிய ஒன்றில், எல்லாம் தன் பேரிலேயே இருக்கும்படி கணக்குத் தொடங்கினார்.

கெடு முடிந்தது. இணையப் பக்கம் அணைந்தது, அழைப்புகள் நின்றன. மைத்துனன் காரணம் கேட்டபோது, மழைக்காலத்தில் எவன் சோபாவுக்குத் துணி மாற்றுவான் என்று அடித்துச் சொன்னார். பிறகு இருவரும் நாற்காலிகளின் வயிற்றைக் கிழித்துப் பஞ்சை அள்ளியபடி நாள் கணக்காக வேலை செய்தார்கள்.

உரிமையாளருக்கான சலுகை நாட்களும் தீர்ந்து பெயர் பொதுவுக்கு வரும் காலையில், அவர் பல்கூடத் துலக்காமல் கணினிமுன் உட்கார்ந்தார். தட்டினார். பெயர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எடுத்தது யார் என்ற விவரம் மறைக்கப்பட்டிருந்தது.

யார் என்று அவருக்கா தெரியாது? நேரே பட்டறைக்குப் போனார். மைத்துனன் ஒரு முக்காலிக்கு ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"முந்திக்கிட்டே இல்ல? தனிக்கடை, கூடவே நம்ம பேரு."

வாயில் கவ்வியிருந்த ஆணிகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"எந்தத் தனிக்கடை? அந்தக் கட்டடம் நம்ம ரெண்டு பேருக்கும்தான் பார்த்தேன். இங்க கை நீட்டக்கூட இடமில்லையே. உங்ககிட்ட சொல்லிட்டு அக்காகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"கதை விடாதே. அப்ப, உன் பேர்ல இருந்த இணைய முகவரி எங்கடா?"

மைத்துனன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"என் பேர்லயா? அன்னிக்கே உங்களைத்தான அத்தான் உரிமையாளர்னு எழுதினேன்."