கோட்டுக்கு வெளியே

பந்து மறுபடியும் அதே நாற்காலியில் போய் விழுந்தது. ஏழாவது தடவை. பிளாஸ்டிக் நாற்காலி மல்லாந்து உருண்டது.

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா நெட்டை, நெட்டுக்கு அந்தப் பக்கம் இவ்ளோ பெரிய கட்டம் கிடக்கு. அது உன் கண்ணுல படவே படாதா?”

“படுது சார்.”

“அப்புறம் ஏன் கோட்டைத் தாண்டிப் போகுது? நல்லா பாரு. இடது கையில பந்து, இடுப்புக்குக் கீழ. முட்டி மடங்கணும். வலது கை பின்னால போயி பந்தை அடிச்சிட்டு, எங்க போகணுமோ அந்தப் பக்கமே நீளணும். கண்ணு எங்கயோ பந்து அங்க. அவ்வளவுதான் சர்வீஸ்.”

குனிந்து காட்டியபோது கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவி மோவாயில் இடித்தது. எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

“சார், பேசாம நாற்காலியைத் தூக்கிக் கட்டத்துக்குள்ள போடுங்க. கரெக்டா விழும்” என்றாள் வாயாடி. எதிரணியில் பந்து சொன்னபடி கேட்பது அவள் ஒருத்திக்குத்தான்.

பை தைக்கும் கம்பெனி அது. மொத்தமாக வாங்குகிறவர்கள் சார்பில் ஓர் அம்மா அன்று பார்வையிட வருகிறார். ‘எங்கள் தொழிலாளர்கள் தினமும் மதியம் வாலிபால் ஆடுகிறார்கள்’ என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். நெட் வாங்கி வந்ததே முந்தாநாள்தான்; கடை மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

“அந்தம்மா நம்பலைன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா மொத ஆளா நீ போவ” என்று முதலாளி சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆடிய பாவத்துக்கு, பன்னிரண்டு பெண்களுக்கு இரண்டே நாளில் ஆட்டம் பழக்கும் வேலை சூப்பர்வைசர் தலையில் விழுந்தது.

நெட்டை அட்டைப்பெட்டிகளில் மார்க்கரால் நம்பர் எழுதுகிறவள். உயரத்தைப் பார்த்துச் சேர்த்தது தப்பாகிவிட்டது. அவள் விரல் மை பந்து முழுக்க அப்பியிருந்தது.

“இன்னும் நம்பர் ஒண்ணுதான் போடல. போட்டா லாரியில ஏத்திடலாம்” என்று வாயாடி சிரித்தாள்.

“வாயைக் குறைச்சு காலை அசைங்கம்மா. பந்து வந்தா ஓடணும்!”

“எப்படி சார்? போன மாசம் இஸ்திரி மேசையில புகை வந்தப்ப ஓடினோமே, அந்த மாதிரியா? அப்ப பின்கதவு வரைக்கும்தானே ஓட முடிஞ்சுது.”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் விசிலை ஊதினார்.

அந்தம்மா உட்காரப் போட்ட நாற்காலி அது; நகர்த்தலாமென்றால் நிழல் அந்த மூலையில் மட்டும்தான். யோசித்து, நெட்டையைச் சுற்றில் கடைசி ஆளாக நிறுத்தினார். சர்வீஸ் கைமாறி வரும்போதெல்லாம் ஒவ்வோர் இடம் நகர வேண்டும். அவள் முறை வருவதற்குள் அந்தம்மா கிளம்பிவிடுவார்.

மதியம் அந்தம்மா வந்தார். தையல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் மைதானத்துக்கு நடந்ததும் முதலாளி கண்ணைக் காட்ட, சூப்பர்வைசர் பின்கதவைப் பழையபடி பூட்டினார். உள்ளே நாற்பது பேர். ஒருத்தியும் வெளியே வந்து அந்தம்மாவிடம் வாய் திறந்துவிடக் கூடாது.

ஆட்டம் தொடங்கியது. முதலாளி அந்தம்மாவை விட்டு ஓரடி விலகவில்லை. பத்து நிமிடம் இருப்பார் என்று சொன்ன அந்தம்மா அரை மணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. அதுதான் வில்லங்கம்.

ஒருத்தி, இரண்டு பேர், நான்கு பேர். ஐந்தாமவளும் போட்டு முடித்தாள். சூப்பர்வைசருக்கு முதுகெல்லாம் வியர்வை. இனி வாயாடி ஒரு பந்தைக் கோட்டை விட்டால், அடுத்த சர்வீஸ் நெட்டையுடையது.

அதுவரை ஒன்றையும் தவறவிடாத வாயாடி, கைக்கு வந்த பந்தை மைதான ஓரத்து அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் அடித்தாள்.

சூப்பர்வைசர் அவசரமாக விசிலை எடுத்தார். “ஆட்டம் முடிஞ்சுது! எல்லாரும்...”

“ஏன் நிறுத்துறீங்க? அந்த உயரமானவங்க இன்னும் சர்வீஸே போடலையே” என்றார் அந்தம்மா.

நெட்டை பந்தை எடுக்கப் போனாள். போனவள் வரவில்லை.

“பந்தை எடுக்கப் போனாளா, செய்யப் போனாளா?” என்று பல்லைக் கடித்தார் சூப்பர்வைசர். பதில் சொல்லவேண்டிய வாயாடி வாயே திறக்கவில்லை.

ஒருவழியாக வந்தாள், பந்தை வயிற்றோடு அணைத்தபடி. கோட்டருகே நின்றாள். சூப்பர்வைசர் ஓடிப்போய்க் கிசுகிசுத்தார்: “கட்டத்தைப் பாரு. உன் கால்ல வேணா விழறேன், நாற்காலியைப் பார்க்காத.”

அவள் முட்டியை மடக்கினாள். கை பின்னால் போனது. கண் நாற்காலியில் நின்றது.

பந்து வலையைத் தாண்டி, கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டிப் போய், ஒரே ஒரு குதி குதித்து அந்தம்மா மடியில் விழுந்தது.

“மன்னிச்சுக்குங்க மேடம், இது ஒண்ணுக்கும் உதவாதது” என்று முதலாளி பதறினார். சூப்பர்வைசர் பந்தை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியபடி ஓடினார்.

அந்தம்மா கொடுக்கவில்லை. பந்தை மெல்லச் சுற்றினார். நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் சுற்றினார். அவர் கட்டைவிரலில் ஈரமான கறுப்பு மை.

நெட்டுக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

அந்தம்மா எழுந்து சூப்பர்வைசரிடம் கையை நீட்டினார்.

“சட்டைக்குள்ள இருக்கிற பின்கதவுச் சாவியைக் கொடுங்க.”