புகை போன வழி

காலை நடைக்குக் கிளம்பும்போது ஜெயபாலன் வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவான். அவன் திரும்பும்போது ஓவனில் உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக வெந்திருக்க வேண்டும். இன்றும் அவன் மனைவி பூங்கோதை கிழங்கைத் தோலோடு நறுக்கி, எண்ணெயும் மிளகுத்தூளும் பிசறி, தட்டில் பரப்பி உள்ளே வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் துண்டுகள் சிவந்தன. அணைக்கப் போன கை சூட்டை இன்னும் கூட்டிவைத்தது. கிழங்கு கருகியது. புகை சமையலறையை நிறைத்து, கூடத்தைக் கடந்து, வாசல் கதவின் அடியிடுக்கில் வெளியேறியது. அவள் அதன் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள்.

யாரோ தட்டினார்கள். "உள்ள யாரு? புகையா வருதே." எதிர்வீட்டுப் பெண்ணின் குரல். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் கதவைத் தட்டி அப்படி யாரும் கேட்டதில்லை. பூங்கோதையின் தொண்டையில் குரல் திரள்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"யாருமில்லீங்க," என்றான் ஜெயபாலன். "நாந்தான் அடுப்ப அணைக்க மறந்துட்டேன். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

பூங்கோதை சமையலறைக்கு ஓடினாள். துணிகூடப் பிடிக்காமல் தட்டை உருவியெடுத்தாள். கரிந்த துண்டுகள் வழியெல்லாம் சிதறின. அவள் கதவுக்கு வந்தபோது பூட்டுக்குள் சாவி நுழைந்தது. தட்டை ஓங்கினாள்.